கறுப்பு ஊசிகளும் பெரிய காந்தங்களும்

நம்ம முதலாண்டு இயற்பியல் புத்தகத்தில் ஒரு அட்டவணை உண்டு. இடது பக்கம் கடத்திகள்: வெள்ளி, தாமிரம், அலுமினியம். வலது பக்கம் கடத்தாப் பொருள்கள்: ரப்பர், கண்ணாடி, பிளாஸ்டிக், மெழுகு. இரண்டுக்கும் நடுவில் சிலிக்கனும் ஜெர்மானியமும். பரீட்சைக்கு இது போதும், இரண்டு மார்க் நிச்சயம். ஆனால் இந்த அட்டவணைக்குள் உட்காரவே மாட்டேன் என்று அடம்பிடிக்கிற ஒரு உப்பு இருக்கிறது. காந்தம் எதுவும் இல்லாமல் குளிர வைத்தால் அது வலது பக்கத்து ஆள், சுத்தமான இன்சுலேட்டர். குளிரிலேயே வைத்துக்கொண்டு சுமார் 11 டெஸ்லா காந்தப் புலம் கொடுத்தால் இடது பக்கத்துக்கு வந்து உலோகம் மாதிரி கடத்தும். 17 டெஸ்லாவைத் தாண்டினால் அட்டவணையில் இடமே இல்லாத மீக்கடத்தி ஆகிவிடும். அதாவது சூப்பர் கண்டக்டர், மின்தடை பூஜ்யம்.

எலெக்ட்ரிக்கல் பிரிவு நண்பர்கள் இங்கேயே கையைத் தூக்குவார்கள். "காந்தப் புலம் அதிகமானால் மீக்கடத்தும் தன்மை போய்விடும் என்றுதானே படித்தோம்?" சரிதான். ஈயமோ பாதரசமோ ஒரு டெஸ்லாவில் பத்தில் ஒரு பங்கு அளவுக்கே தாக்குப்பிடிக்காது. அப்படியிருக்க காந்தம் வைத்தால் மீக்கடத்துகிற பொருள் எப்படி வந்தது? இதை மாயாஜாலமாகச் சொல்லி முடித்துவிட எனக்கு மனசில்லை. காரணம் தெரிந்துகொள்ள நம்ம டிப்ளமோ படிப்பில் இருக்கிற சரக்கே முக்கால்வாசி போதும்.

முதலில் பொருளைப் பார்ப்போம். இவற்றுக்குக் கரிமக் கடத்திகள் என்று பெயர். கார்பன், ஹைட்ரஜன், கந்தகம், சில சமயம் செலினியம் சேர்ந்த தட்டையான மூலக்கூறுகள். இட்லித் தட்டுகளை ஒன்றன்மேல் ஒன்று அடுக்குவது போல இந்த மூலக்கூறுகள் அடுக்கடுக்காக உட்காரும். ஒவ்வொரு தட்டின் மேலும் கீழும் எலெக்ட்ரான் மேகம் இருக்கிறது. பக்கத்துத் தட்டின் மேகத்தோடு அது லேசாக உரசும். அந்த உரசல்தான் எலெக்ட்ரான் நடக்கிற பாதை.

பாதை மட்டும் இருந்தால் போதுமா? நெருக்கி நிற்கிற டவுன் பஸ்ஸில் ஒரு அங்குலம் நகர முடியாது. யாராவது ஒருவர் இறங்கினால்தான் மற்றவர்கள் நகரலாம். இங்கே ஆளை இறக்கிவிடுகிற வேலையை எதிர் அயனி செய்கிறது. இரண்டு மூலக்கூறுக்கு ஒரு எலெக்ட்ரான் வீதம் அது பறித்துக்கொள்ள, மிச்சமிருக்கிற எலெக்ட்ரான்கள் ஓட ஆரம்பிக்கின்றன.

1964-இல் ஸ்டான்ஃபோர்டைச் சேர்ந்த லிட்டில் என்பவர், கரிமச் சங்கிலியை ஒழுங்காக வடிவமைத்தால் அறை வெப்பநிலையிலேயே மீக்கடத்தி கிடைக்கும் என்று எழுதினார். அது இன்றுவரை நடக்கவில்லை. ஆனால் அந்த ஆசை நிறையப் பேரை இந்தத் துறைக்கு இழுத்தது. 1973-இல் டி.டி.எஃப்.–டி.சி.என்.கியூ. என்ற உப்பு, குளிரக் குளிர உலோகம் போலவே நன்றாகக் கடத்தியது. எல்லாரும் சந்தோஷப்பட்டார்கள். சுமார் 54 கெல்வினுக்கு வந்ததும் கதை மாறியது. குளிர்ந்தால் தடை குறையவேண்டிய பொருள் இன்சுலேட்டராகத் திரும்பிவிட்டது.

காரணத்தைப் பையர்ல்ஸ் என்ற இயற்பியலாளர் முன்பே சொல்லியிருந்தார். எலெக்ட்ரான் ஒரே ஒரு வரிசையில் மட்டும் ஓடினால் அந்த ஏற்பாடு நிலைக்காது. வரிசையாகச் சம இடைவெளியில் நிற்கிற பிள்ளைகள் கொஞ்ச நேரத்தில் இரண்டிரண்டு பேராக ஒட்டிக்கொண்டு கதை பேசுவதைப் பார்த்திருப்பீர்கள். அதே மாதிரி மூலக்கூறு வரிசையும் லேசாக நெருங்கி விலகி ஒரு அலை வடிவத்துக்குப் போய்விடும். அதனால் எலெக்ட்ரான்களின் மொத்த ஆற்றல் குறைகிறது, ஆனால் ஓடும் பாதையில் ஒரு பள்ளம் விழுகிறது. பள்ளம் விழுந்தால் கடத்தல் நின்றது. இதிலேயே இன்னொரு வகை உண்டு. மூலக்கூறுகள் நகராமல், எலெக்ட்ரான்களின் ஸ்பின் மட்டும் மேல், கீழ், மேல், கீழ் என்று அலையாக அடுக்கிக்கொள்ளும். இதை ஸ்பின் அடர்த்தி அலை என்பார்கள். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள்.

1979-ஆம் ஆண்டு டிசம்பரில் முதல் வெற்றி கிடைத்தது. டென்மார்க் வேதியியலாளர் கிளவுஸ் பெக்கார்ட் செய்துகொடுத்த செலினிய உப்பு ஒன்றை, பிரான்சின் ஓர்சே நகரில் டெனி ஜெரோம் குழுவினர் சுமார் 12,000 வளிமண்டல அழுத்தத்தில் நசுக்கிக் குளிர வைத்தார்கள். 0.9 கெல்வினில் தடை மறைந்தது. உலகத்தின் முதல் கரிம மீக்கடத்தி அதுதான். மூலக்கூறின் முழுப்பெயர் டெட்ராமெதில் டெட்ராசெலினாஃபுல்வாலீன். சொல்லும்போதே மூச்சு வாங்குவதால் இந்தக் குடும்பத்துக்கே பெக்கார்ட் உப்புகள் என்று பெயர் வைத்துவிட்டார்கள். அழுத்தம் கொடுக்காவிட்டால் அதே உப்பு 12 கெல்வினில் ஸ்பின் அடர்த்தி அலையாகி இன்சுலேட்டர் ஆகிவிடும். அழுத்தினால் சங்கிலிகள் பக்கத்துச் சங்கிலிகளோடு நெருங்குகின்றன, எலெக்ட்ரானுக்குப் பக்கவாட்டிலும் கொஞ்சம் வழி கிடைக்கிறது, ஒற்றை வரிசை நோய் தீர்கிறது.

இதன் தம்பியான பெர்குளோரேட் உப்பு அழுத்தமே இல்லாமல் 1.2 கெல்வினில் மீக்கடத்தும். ஆனால் ஒரு நிபந்தனை: மெதுவாகக் குளிர வைக்க வேண்டும். 24 கெல்வின் பக்கத்தில் அதன் அயனிகள் ஒழுங்காகத் திரும்பி உட்கார நேரம் கொடுத்தால் மீக்கடத்தி. அவசரப்பட்டு ஒரேயடியாகக் குளிர வைத்தால் ஸ்பின் அடர்த்தி அலை. மெக்கானிக்கல் நண்பர்களுக்கு இதை விளக்கவே வேண்டாம். ஒரே இரும்பை அனீலிங் செய்தால் ஒரு குணம், குவெஞ்சிங் செய்தால் வேறு குணம் என்று வொர்க்ஷாப்பில் பார்த்தவர்கள்தானே. அதே சங்கதி.

இந்தப் படிகங்களை வளர்க்கிற முறையும் நமக்குத் தெரிந்த வேலையின் தங்கச்சிதான். எலெக்ட்ரோபிளேட்டிங் தொட்டியை நினைத்துக்கொள்ளுங்கள். இரண்டு பிளாட்டினம் மின்முனைகள், நடுவில் ஒரு நுண்துளைக் கண்ணாடித் தடுப்பு, கரைசல். ஆனால் ஓடுகிற மின்னோட்டம் ஆம்பியர் கணக்கில் இல்லை, ஒரு மைக்ரோ ஆம்பியர் அளவு. பல நாள், சில சமயம் பல வாரம் அசையாமல் காத்திருந்தால் நேர்மின் முனையில் பளபளப்பான கறுப்பு ஊசிகள் முளைக்கும். நீளம் சில மில்லிமீட்டர் இருந்தால் பெரிய அதிர்ஷ்டம். முடியை விட மெல்லிய தங்கக் கம்பிகள் நான்கை அந்த ஊசியில் கரிப் பசை வைத்து ஒட்டுவார்கள். ஏன் நான்கு? மெஷர்மென்ட்ஸ் லேபில் கெல்வின் டபுள் பிரிட்ஜ் போட்டவர்களுக்கு விடை தெரியும். மின்னோட்டம் இரண்டு கம்பியில் போக, மின்னழுத்தத்தைத் தனியாக வேறு இரண்டு கம்பியில் அளந்தால் இணைப்புத் தடை கணக்கில் வராது. நேச்சர் இதழில் வருகிற வரைபடங்களுக்குப் பின்னால் இருப்பதும் இந்த நான்கு கம்பி வித்தைதான்.

சரி, காந்தத்துக்கு வருவோம். ஆஸ்பத்திரியில் எம்.ஆர்.ஐ. ஸ்கேன் செய்கிற இயந்திரம் பெரும்பாலும் 1.5 டெஸ்லா. அதற்கே பாக்கெட்டில் சாவி வைத்துக்கொண்டு உள்ளே போகக் கூடாது என்கிறார்கள். நாம் பேசுவது 20, 30, 45 டெஸ்லா. வெறும் தாமிரக் கம்பியைச் சுற்றி இதைச் செய்தால் காயில் உருகிவிடும், அல்லது தன் விசையாலேயே பிய்த்துக்கொண்டு போகும். 1930-களில் அமெரிக்காவின் எம்.ஐ.டி.யில் ஃபிரான்சிஸ் பிட்டர் ஒரு யோசனை செய்தார். கம்பிக்குப் பதில் ஓட்டைகள் போட்ட தாமிரத் தட்டுகளைச் சுருள்படி போல அடுக்கினார். ஓட்டைகள் வழியாகத் தண்ணீரை வேகமாக அடித்து வெப்பத்தை எடுத்தார். இன்றைக்கும் பெரிய காந்தங்களின் அடிப்படை அதுதான். அமெரிக்காவின் ஃபுளோரிடா மாநிலம் டல்லஹாசியில் உள்ள காந்த ஆய்வகத்தில் வெளியே 11.5 டெஸ்லாவுக்கு மீக்கடத்திக் காயில், உள்ளே 33.5 டெஸ்லாவுக்கு பிட்டர் வகைக் காயில் என்று சேர்த்து 45 டெஸ்லா எட்டினார்கள். 2000-ஆம் ஆண்டிலிருந்து ஆராய்ச்சியாளர்கள் அதைப் பயன்படுத்த ஆரம்பித்தார்கள். உள் காயிலுக்கு மட்டும் சுமார் 30 மெகாவாட். ஒரு சின்ன ஊர் எரிக்கிற கரண்ட். அந்தக் கரண்ட் முழுவதும் ஓடுவது ஒரு மில்லிமீட்டர் ஊசிக்காக!

இத்தனை செலவு செய்து ஏன் இந்த உப்புகளையே போட்டுப் பார்க்கிறார்கள், தாமிரத்தைப் போடக்கூடாதா? இதுதான் விஷயத்தின் மையம் என்பது என் கருத்து. 1 டெஸ்லா புலம் ஒரு எலெக்ட்ரானின் மேல் ஸ்பின்னுக்கும் கீழ் ஸ்பின்னுக்கும் நடுவில் ஏற்படுத்துகிற ஆற்றல் வித்தியாசத்தை வெப்பநிலைக் கணக்கில் சொன்னால் சுமார் 1.3 கெல்வின். 30 டெஸ்லாவுக்கு 40 கெல்வின். தாமிரத்து எலெக்ட்ரான்களின் இயல்பான ஆற்றலை அதே கணக்கில் சொன்னால் சுமார் 80,000 கெல்வின். யானை முதுகில் எறும்பு ஏறின கதை. கரிம உப்புகளில் அப்படி இல்லை. அங்கே உலோகம், இன்சுலேட்டர், மீக்கடத்தி என்ற மூன்று நிலைகளும் ஒன்றுக்கொன்று சில கெல்வின், சில பத்து கெல்வின் வித்தியாசத்தில் அக்கம்பக்கமாக நிற்கின்றன. கபடி ஆட்டத்தில் இரண்டு பக்கமும் சம பலமாக இருக்கும்போது ஒரே ஒரு ஆள் போய்ச் சேர்ந்தால் ஆட்டம் மாறிவிடும். இங்கே காந்தம்தான் அந்த ஆள். எந்தப் பக்கம் சேரும் என்பதுதான் ஒவ்வொரு உப்பிலும் சுவாரஸ்யம்.

பெக்கார்ட் உப்புகளில் அது இன்சுலேட்டர் பக்கம் சேர்ந்தது. உலோகமாக ஓடிக்கொண்டிருக்கும் பெர்குளோரேட் ஊசிக்குச் சங்கிலிகளின் தளத்துக்குச் செங்குத்தாகச் சில டெஸ்லா கொடுத்தால் திடீரென்று ஸ்பின் அடர்த்தி அலை வந்துவிடுகிறது. 1980-களின் ஆரம்பத்தில் இதைக் கண்டபோது பலருக்குக் குழப்பம். 1984-இல் கோர்கோவ், லெபெட் என்ற இரண்டு ரஷ்யர்கள் விளக்கம் கொடுத்தார்கள். அதை நம்ம மோட்டார் பாடத்து விசையை வைத்தே புரிந்துகொள்ளலாம். ஓடுகிற மின்னூட்டத்தைக் காந்தம் பக்கவாட்டில் தள்ளும். சங்கிலி வழியே ஓடுகிற எலெக்ட்ரானையும் பக்கத்துச் சங்கிலியை நோக்கித் தள்ளுகிறது. ஆனால் பக்கவாட்டில் அதற்கு இருக்கிற வழி ரொம்பக் குறுகல், சங்கிலி வழியே இருப்பதில் பத்தில் ஒரு பங்குதான். அதனால் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, மறுபக்கம் கொஞ்ச தூரம் போய்த் திரும்பி, பாம்பு போல நெளிந்துகொண்டே முன்னால் போகும். புலத்தைக் கூட்டினால் நெளிவின் அகலம் குறையும். இன்னும் கூட்டினால் கிட்டத்தட்ட ஒரே சங்கிலிக்குள் அடங்கிவிடும். அதாவது காந்தம் எலெக்ட்ரானை மறுபடி ஒற்றை வரிசைக்குத் துரத்திவிட்டது. ஒற்றை வரிசை என்றால் என்ன ஆகும் என்று மேலே பார்த்தோமே. அழுத்தம் கொடுத்துத் தீர்த்த நோயைக் காந்தம் திரும்ப வரவழைக்கிறது!

அதோடு விட்டதா என்றால் இல்லை. இந்த அலை ஒரே படியில் வருவதில்லை. புலம் ஏற ஏற அலையின் நீளம் தாவித் தாவி மாறுகிறது. பள்ளத்தில் விழாமல் தப்பின மிச்ச எலெக்ட்ரான்கள் காந்தம் அனுமதிக்கிற சுற்றுப்பாதைகளைக் காலி இடம் இல்லாமல் நிரப்புகிற மாதிரி அலை தன்னைத்தானே திருத்திக்கொள்கிறது. ஆகவே ஒரு உப்புக்குள்ளேயே பல நிலைகள், ஒன்றன்பின் ஒன்றாக. ஹால் விளைவுத் தடையை அளந்தால் வழவழப்பான கோடு வராமல் மாடிப்படி வருகிறது. 1980-இல் ஃபான் கிளிட்சிங் சிலிக்கன் டிரான்சிஸ்டரில் இப்படிப் படிகளைக் கண்டார், அதற்காக 1985-இல் நோபல் பரிசு வாங்கினார். அது குவாண்டம் ஹால் விளைவு. அதன் அடிப்படை எண் 25,813 ஓம். சிலிக்கனில் அது நடப்பது பரப்பில் உள்ள ஒரே ஒரு மெல்லிய அடுக்கில். பெக்கார்ட் உப்பிலோ முழுப் படிகமும், ஆயிரக்கணக்கான அடுக்குகளும் சேர்ந்து அதே படிகளைக் காட்டுகின்றன என்று 1989-இல் அளந்து சொன்னார்கள். கனமான ஒரு பொருளுக்குள் இப்படி நடப்பது அபூர்வம்.

இப்போது ஆரம்பத்தில் சொன்ன உப்பு. அதன் பெயர் லாம்டா பெட்ஸ் இரும்பு குளோரைடு. ஜப்பானில் கோபயாஷி குழுவினர் உருவாக்கினது. பெட்ஸ் என்பது கந்தகத்தோடு செலினியமும் சேர்ந்த தட்டை மூலக்கூறு. அந்த மூலக்கூறு அடுக்கு ஒன்று, இரும்பு குளோரைடு அயனி அடுக்கு ஒன்று என்று மாறி மாறி வரும். கரண்ட் ஓடுவது மூலக்கூறு அடுக்கில். இரும்பு ஓடாது, ஆனால் ஒவ்வொரு இரும்பு அயனியும் ஒரு குட்டிக் காந்தம். சுமார் 8 கெல்வினுக்குக் கீழே இந்தக் குட்டிக் காந்தங்கள் எதிரெதிராக அடுக்கிக்கொள்ள, ஓடுகிற எலெக்ட்ரான்களும் அதில் மாட்டிக்கொண்டு உப்பு இன்சுலேட்டர் ஆகிறது.

வெளியிலிருந்து காந்தப் புலம் கொடுத்தால் 11 டெஸ்லா வாக்கில் அந்த எதிரெதிர் ஏற்பாடு உடைந்து, இரும்பு எல்லாம் புலத்தின் திசைக்குத் திரும்பிவிடும். எலெக்ட்ரான்களுக்கு விடுதலை, உப்பு உலோகம் ஆகிறது. இதுவரை புரிந்துகொள்ள எளிது. அடுத்த படிதான் அழகு. திரும்பி நிற்கிற இரும்பு, பக்கத்தில் ஓடுகிற எலெக்ட்ரானின் ஸ்பின்னோடு எதிர்ப்புப் பேச்சு பேசுகிறது. எலெக்ட்ரானைப் பொறுத்தவரை, வெளிக் காந்தம் ஒரு திசையில் தள்ள, இரும்பு நேர் எதிர்த் திசையில் தள்ளுகிறது. இரும்பின் தள்ளல் சுமார் 33 டெஸ்லாவுக்குச் சமம். ஆக வெளியே 33 டெஸ்லா கொடுத்தால் இரண்டும் கழிந்து எலெக்ட்ரானின் ஸ்பின் உணர்கிற புலம் பூஜ்யம்! வெளியே ராட்சதக் காந்தம் உறுமிக்கொண்டிருக்க, உள்ளே எலெக்ட்ரான் காந்தமே இல்லாத இடத்தில் இருப்பது போல ஜோடி சேர்ந்து மீக்கடத்துகிறது.

2001-இல் ஜப்பானின் சுகுபாவைச் சேர்ந்த உஜி ஷின்யாவும் கூட்டாளிகளும் இதை நேச்சர் இதழில் வெளியிட்டார்கள். அதே ஆண்டு டல்லஹாசியில் 45 டெஸ்லா காந்தத்தில் வைத்து மேல் எல்லையையும் பார்த்தார்கள். 17 டெஸ்லா சுற்றித் தொடங்கி, 33-இல் உச்சம் அடைந்து, 42 பக்கத்தில் முடிகிறது. உச்சத்தில் சுமார் 4 கெல்வின் வரை தாங்குகிறது. ஒரு முக்கியமான கண்டிப்பு உண்டு: புலம் அடுக்குகளுக்கு மிகச் சரியாக இணையாக இருக்க வேண்டும். ஸ்பின் தொல்லையை இரும்பு கழித்துவிடும், ஆனால் எலெக்ட்ரானைச் சுற்றி வளைக்கிற விசையை அது கழிக்காது. ஊசி லேசாகச் சாய்ந்தால் அந்த விசை அடுக்குக்குள் புகுந்து ஜோடியைக் கலைத்துவிடும்.

இந்த யோசனை புதிது இல்லை. ஜக்காரினோ, பீட்டர் என்ற இருவர் 1962-லேயே இப்படி நடக்கலாம் என்று எழுதினார்கள். யூரோப்பியம் கலந்த ஒரு கனிமச் சேர்மத்தில் 1984-இல் அது முதலில் தெரிந்தது. கரிம உப்பில் நிரூபிப்பதற்குச் செய்த சோதனைதான் எனக்கு மிகவும் பிடித்தது. இரும்புக்குப் பதில் காலியம் போட்டால் குட்டிக் காந்தம் கிடையாது. முழுக்கக் காலியம் போட்ட உப்பு புலமே இல்லாமல் சுமார் 6 கெல்வினில் சாதாரணமாக மீக்கடத்தும். இரண்டையும் கலந்து, இரும்பைப் படிப்படியாகக் குறைத்தால் என்ன ஆகவேண்டும்? எதிர்த் தள்ளல் குறையவேண்டும், மீக்கடத்தும் ஜன்னல் 33 டெஸ்லாவிலிருந்து கீழே இறங்கவேண்டும். அளந்தார்கள். இரும்பு குறையக் குறைய ஜன்னல் அப்படியே இறங்கி வந்தது.

"இதனால என்ன பிரயோஜனம்?" என்று ஹாஸ்டலில் கேட்டார்கள். 4 கெல்வினில், 33 டெஸ்லாவில் வேலை செய்கிற கம்பியை வைத்து யாரும் வீட்டுக்கு வயரிங் பண்ணப் போவதில்லை. நான் அதைச் சொல்லி விற்கவும் இல்லை. ஒரு அணுவை மாற்றி வைத்து, அதனால் எந்த டெஸ்லாவில் என்ன நடக்கும் என்று முன்கூட்டியே சொல்லி, சொன்னபடி அளக்க முடிகிறது என்பதே எனக்குப் பெரிய விஷயம்.

காந்தம் சேருகிற இன்னொரு பக்கத்தையும் சொல்லிவிடுகிறேன். மீக்கடத்தியில் எலெக்ட்ரான்கள் மேல் ஸ்பின் ஒன்று, கீழ் ஸ்பின் ஒன்று என்று ஜோடியாக இருக்கும். காந்தம் இரண்டையும் ஒரே பக்கம் திருப்பப் பார்க்கும். எவ்வளவு புலத்தில் ஜோடி உடையும் என்று 1962-இல் கிளாக்ஸ்டனும் சந்திரசேகரும் தனித்தனியாகக் கணக்குப் போட்டார்கள். இவர் நட்சத்திர ஆராய்ச்சிக்கு நோபல் வாங்கிய சுப்பிரமணியன் சந்திரசேகர் அல்ல, பி.எஸ். சந்திரசேகர். அவர்கள் கணக்குப்படி 10 கெல்வின் மீக்கடத்திக்கு எல்லை சுமார் 18 டெஸ்லா. ஆனால் 1964-இல் ஃபுல்டே, ஃபெரல் என்ற இருவரும், சோவியத் நாட்டில் லார்க்கின், ஓவ்சினிகோவ் என்ற இருவரும் ஒரு தப்பிக்கும் வழி இருக்கிறது என்றார்கள். மீக்கடத்தி முழுவதும் ஒரே சீராக இல்லாமல் பட்டை பட்டையாகப் பிரிந்துகொள்ளலாம். ஒரு பட்டையில் ஜோடிகள், அடுத்த இடுக்கில் ஜோடி உடைந்து காந்தத்தின் பக்கம் திரும்பின தனி எலெக்ட்ரான்கள், மறுபடி ஜோடிகள்.

பல ஆண்டுகள் இது காகிதத்திலேயே இருந்தது. மிகச் சுத்தமான படிகம் வேண்டும், மெல்லிய அடுக்குகள் வேண்டும், பெரிய காந்தம் வேண்டும். இந்த மூன்றும் கரிம உப்புகளில்தான் பொருந்தி வந்தன. 1988-இல் ஜப்பானில் கண்டுபிடித்த 10 கெல்வின் தாமிர தயோசயனேட் உப்பு ஒன்றை 2007-இல் புலத்துக்கு இணையாகப் பிடித்து வெப்ப ஏற்புத்திறனை அளந்தபோது, 21 டெஸ்லாவுக்கு மேலே புதிதாக ஒரு மீக்கடத்தும் நிலை இருப்பது தெரிந்தது. அது பட்டை நிலைதானா என்று பார்க்க என்.எம்.ஆர். வைத்தார்கள். அணுக்கருக்கள் பக்கத்து எலெக்ட்ரான்களை உளவு பார்த்துச் சொல்லும் முறை அது. 2011-இல் வந்த என்.எம்.ஆர். அளவீடு அந்த நிலை மாற்றத்தை உறுதி செய்தது. 2014-இல் வெளியான அளவீட்டில், ஜோடி சேராத எலெக்ட்ரான்கள் இடுக்குகளில் கும்பலாக இருந்தால் எப்படிச் சமிக்ஞை ஏறுமோ அப்படியே அது ஏறியது.